"வைட்டமின் மட்டும்தான் டாக்டர்": ஒரு தைராய்டு ரிப்போர்ட்டும் ஆறு பாட்டில்களும்

குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் ரப்பர் சுத்தியலால் தட்டினேன். பாதம் அசையவில்லை. அடுத்த காலிலும் அப்படியே. இரண்டு கை விரல்களையும் கொக்கி போல மாட்டி இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. மேஜை மேல் கிடந்த ரிப்போர்ட் இவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றது. அப்படிச் சுரந்தால் இந்தத் தட்டலுக்குக் கால் துள்ள வேண்டும். இங்கே மரக்கட்டையாகக் கிடந்தது.

காலும் ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நான் காலைத்தான் நம்புவேன். ஆனால் இந்தக் காலிலும் ஏதோ சரியில்லை. அதாவது, தைராய்டு ரிப்போர்ட் பொய்யாக இருக்கலாம், கால் சொல்வது வேறொரு நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நோயாளியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த விவரம்

பெண், வயது 47. உட்கார்ந்து செய்யும் வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. வருடாந்தரப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.13 என்று வந்திருந்தது (இயல்பு 0.4 முதல் 4 வரை; தைராய்டு அதிகம் சுரந்தால் இது இறங்கும்). தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 2.6, அதன் மேல் எல்லையே 1.7தான். பார்த்த மருத்துவர் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு எண்களையும் மட்டும் பார்த்தால் யாரும் அதைத்தான் எழுதுவார்கள். மாத்திரையை வாங்கிவிட்டார், ஆனால் போட ஆரம்பிக்கவில்லை. "இன்னொரு தடவை உங்ககிட்ட காட்டிட்டுப் போட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

நாடித்துடிப்பு 74. நீட்டிய விரல்களில் நடுக்கம் இல்லை. உள்ளங்கை காய்ந்து, சாதாரணச் சூட்டில் இருந்தது. கழுத்தில் வீக்கம் இல்லை, கண்ணில் மாற்றம் இல்லை. எடை குறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. படபடப்பு உண்டா என்று கேட்டதற்கு, "இந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததுக்கப்புறம் உண்டு" என்றார்.

காலைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் வந்தது: எட்டு மாதமாகக் கால் விரல்களில் மதமதப்பு, இப்போது கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்திருக்கிறார். இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தேன். "வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். அதிர்வு அவருக்குத் தெரியவே இல்லை. முழங்கால் எலும்பில் வைத்தபோதுதான் தெரிந்தது. தசை வலு முழுசாக இருந்தது. உணர்வு நரம்புகள் மட்டும், அதுவும் நீளமானவை முதலில் அடிபட்டிருந்தன.

வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. வைட்டமின் மட்டும்தான் டாக்டர்."

எழுதப் போன பேனாவை அங்கேயே நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினால், பத்து மாதத்துக்கு முன் அவர் என்னிடம் இருமலுக்கு வந்திருந்தபோது நானே என் கையால் எழுதியிருக்கிறேன்: "வேறு மருந்துகள்: இல்லை." அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருப்பார். நான் "இல்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். கூடவே, நடந்துகொண்டிருந்த இரும்பு மாத்திரையைத் தொடரச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பை

மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு பாட்டில்கள். மேஜையில் வரிசையாக நிறுத்தி, அவர் எந்த மாதம் எதை ஆரம்பித்தார் என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினோம். அந்தத் தாள்தான் இந்த நோயைக் கண்டுபிடித்தது.

முதல் பாட்டில், முடிக்கான கேப்சூல். இருபது மாதத்துக்கு முன் ஒரு கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக் கொத்தாக முடி கொட்டியிருக்கிறது. பயந்துபோய் ஆரம்பித்தார். மூன்று நான்கு மாதத்தில் கொட்டுவது நின்றது. காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் கேப்சூலை ஆரம்பித்தோம், நின்றது என்று கண்ணால் பார்த்தவரிடம் அதைச் சொல்லி நம்பவைக்க முடியாது. பெயர் கேப்சூலுக்குப் போய்விட்டது.

லேபிளைத் திருப்பினேன். ஒரு கேப்சூலில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். பக்கத்தில் அன்றாடத் தேவையில் 33,333 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. வளர்ந்தவர்களுக்குப் போதுமானதாகக் கணக்கிட்டிருப்பது நாளைக்கு 30 மைக்ரோகிராம். இவர் காலையில் எழுந்ததும் இரண்டு கேப்சூலைச் சேர்த்துப் போடுகிறார். ரத்தம் கொடுக்கப் போன அன்று வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் எதையும் சாப்பிடவில்லை, கேப்சூலை மட்டும் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

தைராய்டு ரிப்போர்ட்டின் கதை எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

இரண்டாவது, பல வைட்டமின் கலந்த மாத்திரை, தினம் ஒன்று. மூன்றாவது, இரும்பு. நான்காவது, மக்னீசியம், நாளைக்கு மூன்று. ஐந்தாவது, நரம்புக்கான மாத்திரை, நாளைக்கு இரண்டு. ஆறாவது வைட்டமின் டி. அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. "இது ரத்தத்துல ரொம்ப ஏறிடுச்சுன்னு நிறுத்தச் சொன்னாங்க" என்றார்.

லேப் மெஷினுக்குள் நடந்தது

பயோட்டினை நாம் முடி வைட்டமினாகப் பார்க்கிறோம். லேப் தொழில்நுட்பக்காரர்களுக்கு அது ஒரு பசை. ஸ்ட்ரெப்டாவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது பயோட்டினைப் பிடித்தால் விடாது. உயிரியலில் தெரிந்த பிடிப்புகளிலேயே மிக வலுவானவற்றில் இது ஒன்று. ரத்தத்தில் துளி அளவே இருக்கும் ஹார்மோனை அளக்க இந்தப் பிடிப்பைப் பல மெஷின்கள் பயன்படுத்துகின்றன.

டி.எஸ்.எச். அளக்கும்போது அந்த ஹார்மோனை இரண்டு எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) இருபக்கமும் கவ்விக்கொள்கின்றன. ஒன்றின் வாலில் பயோட்டின் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒளிரும் பொருள் இருக்கும். குழாயில் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்மணிகள் காத்திருக்கும். பயோட்டின் வால் அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டாததையெல்லாம் கழுவிவிட்டு, மிச்சம் எவ்வளவு ஒளிர்கிறது என்று மெஷின் பார்க்கும். ஒளி அதிகம் என்றால் ஹார்மோன் அதிகம்.

இப்போது அந்த ரத்தத்திலேயே கேப்சூலிலிருந்து வந்த பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால்? அது முந்திப் போய் மணிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். ஹார்மோனைக் கவ்வியிருக்கும் கூட்டணிக்கு இடமில்லை. கழுவும்போது அது போய்விடும். ஒளி குறைகிறது. மெஷினுக்கு வேறொன்றும் தெரியாது, டி.எஸ்.எச். குறைவு என்று எழுதும்.

ஃப்ரீ டி4 போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கு வேறு முறை. நோயாளியின் ஹார்மோனும் ஒளிரும் மாதிரி ஹார்மோனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். நோயாளியின் ஹார்மோன் அதிகமானால் ஒளிரும் மாதிரிக்கு இடம் கிடைக்காது. அதனால் இங்கே கணக்கு தலைகீழ்: ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம். மிதக்கும் பயோட்டின் இங்கேயும் ஒளியைக் குறைக்கிறது. மெஷின் ஃப்ரீ டி4 ஏகத்துக்கு அதிகம் என்று எழுதும்.

டி.எஸ்.எச். கீழே, டி4 மேலே. தைராய்டு மிகைச்சுரப்புக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அதே படம். பிழையாக வரும் ரிப்போர்ட் பொதுவாக எங்கேயாவது இடிக்கும். ஒரு எண் இன்னொன்றோடு ஒத்துப்போகாது, அதை வைத்துப் பிடித்துவிடலாம். பயோட்டின் செய்யும் பிழையில் எல்லாம் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்துகிறது. சில மெஷின்களில், மிகைச்சுரப்பின் காரணத்தை உறுதிசெய்ய எடுக்கும் டெஸ்ட்டான டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி கூடப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். இவருக்கு அந்த டெஸ்ட் எடுக்கப்படவில்லை. எடுத்து அதுவும் பாசிட்டிவ் என்று வந்திருந்தால், தட்டிய கால் துள்ளாததைப் பார்த்தும் நானே மாத்திரையைப் போடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

இது அரிதான விநோதம் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்ட், அதிக பயோட்டின் எடுத்துக்கொண்ட ஒருவருக்குப் பொய்யாகக் குறைத்துக் காட்டியதும், அவர் இறந்ததும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு பல டெஸ்ட்களை அதிக பயோட்டினையும் தாங்கும்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் எல்லா லேபிலும் எல்லா டெஸ்ட்டும் மாறிவிடவில்லை. உங்கள் லேபில் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. முடி கொட்டுகிறது என்று ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் எழுதும் டெஸ்ட்கள் எவை? தைராய்டும் ஃபெரிட்டினும். ஃபெரிட்டின் உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது. முடிக்கு என்று சாப்பிடும் கேப்சூல், முடிக்காக எடுக்கும் இந்த இரண்டு டெஸ்ட்டையுமே கெடுக்கக்கூடியது.

ஒன்று தொட்டு ஒன்று

தாளில் எழுதிய மாதக் கணக்கை இப்போது மேலிருந்து கீழாகப் படித்தேன்.

கேப்சூல் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஒரு பொதுப் பரிசோதனை. ஃபெரிட்டின் 9. இரும்புச் சத்து இல்லை என்று இரும்பு மாத்திரை ஆரம்பம். அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 13.2, சிவப்பணுக்களின் அளவும் இயல்பு. அந்த எண்கள் ஃபெரிட்டினைக் கொஞ்சம் சந்தேகிக்க வைத்திருக்கலாம். ஆனால் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது 9 மட்டும்தான். அதே தாளில் வைட்டமின் டி 96 நானோகிராம் என்று வந்திருக்கிறது. அது போட்டி முறையில் அளக்கப்படுவது, அதனால் பொய்யாக ஏறும். இவர் அப்போது எடுத்துக்கொண்டிருந்த 1,000 யூனிட்டுக்கு ரத்தத்தில் அவ்வளவு ஏறுவது கஷ்டம். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல். அதற்காக மக்னீசியம். இந்த ஒரு கண்ணி மட்டும் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. மலச்சிக்கல் முன்பே கொஞ்சம் இருந்ததாக அவரே சொன்னார். எப்படியோ, மக்னீசியம் வந்தது. அந்த மக்னீசியம் மாத்திரையில் ஒவ்வொன்றிலும் பி6 பத்து மில்லிகிராம் சேர்த்திருந்தது. நாளைக்கு மூன்று.

ஒன்பது மாதம் கழித்துக் கால் விரலில் மதமதப்பு. நரம்பு பலவீனம் என்று நினைத்து, தெரிந்தவர் சொன்ன நரம்பு மாத்திரை. அதில் பி1, பி12, கூடவே பி6 ஐம்பது மில்லிகிராம். நாளைக்கு இரண்டு. மதமதப்பு குறையவில்லை, ஏறியது. ஏறியதால் மாத்திரையை விடாமல் போட்டார்.

தாளில் கூட்டிப் பார்த்தோம். கூட்டியவர் அவர்தான், நான் லேபிளைப் படித்தேன். பல வைட்டமின் மாத்திரையில் 2, முடிக் கேப்சூலில் 5 வீதம் 10, மக்னீசியத்தில் 30, நரம்பு மாத்திரையில் 100. மொத்தம் நாளைக்கு 142 மில்லிகிராம் பி6. அவர் வயதுக்குத் தேவை 1.3. ஒரு பாட்டிலில் பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு என்றும், இன்னொன்றில் பைரிடாக்சல் பாஸ்பேட் என்றும், மற்றொன்றில் வைட்டமின் பி6 என்றும் இருந்ததால் எல்லாம் ஒரே சரக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் கள்ளச்சரக்கு இல்லை. லேபிளில் எல்லாமே ஒழுங்காக எழுதியிருந்தது. நான்கு லேபிளையும் ஒன்றாக வைத்துப் படித்தவர்தான் யாருமில்லை.

கூட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மருந்துதான் நோயா?" என்றார்.

பி6 ஏன் நரம்பைத் தொடுகிறது

பி6 இல்லாமல் உடம்பு ஓடாது. நூற்றுக்கு மேற்பட்ட நொதிகளுக்கு அது துணை. பெரும்பாலும் அமினோ அமிலங்களைப் பிரிப்பது, சேர்ப்பது, மாற்றுவது. செரட்டோனின், டோபமைன் போன்ற நரம்புச் சேதிப்பொருள்களை உண்டாக்குவதிலும் அதற்குக் கை உண்டு. அதனால்தான் அது நரம்பு மாத்திரையில் இடம்பிடித்தது. குறைந்தாலும் நரம்பு பாதிக்கப்படும். காசநோய்க்கான ஐசோனியாசிட் மருந்து பி6-ஐ வீணடிப்பதால், அதைச் சாப்பிடுபவர்களில் ஆபத்து உள்ளவர்களுக்கு நாங்களே சிறிய அளவில் பி6 கொடுக்கிறோம்.

கூடினாலும் நரம்பு பாதிக்கப்படும், அதே மதமதப்புதான். 1983இல் ஒரு மருத்துவ இதழில் நாளைக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்துக்கொண்ட ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். உணர்வு நரம்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டு, நடை தடுமாறி வந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு மிகக் குறைந்த அளவுகளிலும் இதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. பாதுகாப்பான உச்ச அளவாக அமெரிக்காவில் 100 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் உச்ச அளவை 12 ஆக இறக்கியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே, எது பாதுகாப்பான அளவு என்பது எவ்வளவு தெளிவில்லாதது என்பதைச் சொல்லிவிடும். ஆளுக்கு ஆளும் வித்தியாசம் உண்டு. ஒருவர் வருடக்கணக்கில் 50 மில்லிகிராம் எடுத்தும் ஒன்றும் ஆகாமல் இருப்பார், இன்னொருவருக்குக் கால் மரத்துவிடும்.

பாதிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு வலுவான கருத்து: மாத்திரையில் வரும் பைரிடாக்சினை உடம்பு செயல்படும் வடிவமாக மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். வெள்ளமாக வரும்போது மாற்றாத பைரிடாக்சின் மிஞ்சி, செயல்படும் வடிவம் உட்கார வேண்டிய இடங்களில் போய் உட்கார்ந்து அடைக்கிறது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உணர்வு நரம்புமுடிச்சுகளுக்கு மூளைக்கு இருப்பது போன்ற ரத்தத் தடுப்பு இல்லை, அதனால் அவை முதலில் அடிபடுகின்றன.

"தண்ணியில கரையற வைட்டமின்தானே, மிச்சம் வெளிய போயிடும்" என்ற பேச்சு எங்கள் மருத்துவர்கள் வாயிலும் வரும். போகும்தான். போகிற வழியில் நரம்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. பயோட்டின் உடம்பை ஒன்றும் செய்யாமல் போனாலும், லேப் குழாய் வழியாகப் போனது.

மூன்று நாள் கழித்து

எல்லா பாட்டிலையும் நிறுத்தச் சொன்னேன். பயோட்டின் தினம் சில மில்லிகிராம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி போதும் என்பார்கள். நான் மூன்று நாள் விட்டு, அதே லேபில், அதே மெஷினில் எடுக்கச் சொன்னேன். வேறு மெஷினில் எடுத்தால் மாற்றம் மெஷினாலா, பயோட்டினாலா என்ற வம்பு வரும்.

டி.எஸ்.எச். 2.2. ஃப்ரீ டி4 1.2. தைராய்டு சுத்தமாக இருந்தது. கார்பிமசோல் பட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அதைப் போட்டிருந்தால் நல்ல தைராய்டை அமுக்கியிருக்கும், அபூர்வமாக வெள்ளணுக்களையும் வீழ்த்தும் மருந்து அது.

ஃபெரிட்டின் 174. இருபது நாளைக்கு முன் எடுத்ததில் 14 என்று காட்டியிருந்தது, அதனால்தான் இரும்பு தொடர்ந்தது. ஒன்றரை வருடம் தேவையில்லாமல் இரும்பு சேர்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் அவருடைய உண்மையான ஃபெரிட்டின் எவ்வளவு என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

வைட்டமின் டி 17. இதுதான் என்னை உட்காரவைத்தது. ஆறு பாட்டிலில் அவருக்கு உண்மையாகவே தேவைப்பட்டது ஒன்றுதான், அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

பி12 இயல்பு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.5. மதமதப்புக்கு வழக்கமான காரணங்கள் இரண்டும் விலகின. ரத்தத்தில் பி6 மேல் எல்லையைப் போல ஏழு மடங்கு. நரம்புக் கடத்தல் டெஸ்ட்டில் கெண்டைக்காலின் உணர்வு நரம்பு மிகவும் பலவீனமாகவும் தசை நரம்புகள் சரியாகவும் இருந்தன. தசை வலு குறையாமல் உணர்வு மட்டும் போன கணக்கு சரியாக வந்தது.

அப்படியானால் வைட்டமின் வேண்டவே வேண்டாமா

அவர் கணவர் கேட்ட கேள்வி இது. கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நான் பதில் சொல்லாமல் பயோட்டினின் இன்னொரு கதையைச் சொன்னேன்.

நம் உடம்பில் பயோட்டினை வைத்து ஓடும் நொதிகள் ஐந்தே ஐந்து. கொழுப்பு உண்டாக்குவது, குளுக்கோஸ் புதிதாகச் செய்வது, சில அமினோ அமிலங்களை உடைப்பது ஆகிய வேலைகளில் அவை இருக்கின்றன. ஐந்து பூட்டுக்கு ஐந்து சாவி வேண்டும். ஐயாயிரம் சாவி கொடுத்தால் கதவு ஐந்தாகத்தான் இருக்கும். வளர்சிதை மாற்றம் 'வேகமாகும்' என்று விற்கப்படும் பல பொருள்களில் இருப்பது இந்த உபரிச் சாவிகள்தான். பி வைட்டமின்களில் கலோரியும் இல்லை; சாப்பாட்டிலிருந்து சக்தியை எடுக்க உதவுபவை அவை, தாமே சக்தி தருபவை அல்ல.

ஆனால் சில குழந்தைகள் பிறக்கும்போதே பயோட்டினிடேஸ் என்ற நொதி இல்லாமல் பிறக்கின்றன. வேலை முடிந்த பயோட்டினைக் கழற்றி மறுபடி பயன்படுத்தத் தருவது அந்த நொதி. அது இல்லாத குழந்தைக்கு வலிப்பு வரும், தோல் வெடிக்கும், முடி கொட்டும், காது கேட்காமல் போகலாம். அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க நாளைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்தால், அறிகுறி வருவதற்கு முன்பே ஆரம்பித்தால், எல்லாக் குழந்தைகளையும் போல வளரும். இவருக்கு ஒரு கேப்சூலில் இருந்த அதே அளவு. ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்குப் பொய் ரிப்போர்ட்.

பயோட்டினுக்கு முடிப் பெயர் வந்ததும் இப்படித்தான். 1927இல் மார்கரெட் போவாஸ் என்ற ஆய்வாளர், பச்சை முட்டை வெள்ளைக்கருவை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகளுக்குத் தோல் கெட்டு, ரோமம் உதிர்வதைக் கண்டார். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. ஜெர்மன் மொழியில் தோலுக்கான சொல்லின் முதலெழுத்தை வைத்து அதற்கு வைட்டமின் எச் என்றே பெயரிட்டிருந்தார்கள். குறைந்தால் முடி கொட்டும் என்பது உண்மை. குறையாதவருக்குக் கூட்டினால் முடி வளரும் என்பது வேறு செய்தி, அதற்குச் சரியான ஆதாரம் இதுவரை இல்லை.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி12 பார்க்க வேண்டும். மறுபக்கம், 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் நாளைக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 சதவீதம் கூடியது. அதே பொருளைக் காயிலும் பழத்திலும் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கெடுதல் இல்லை.

கணவர் கடைசியாக, "அப்ப எதைத்தான் சாப்பிடறது?" என்றார். மனைவிக்கு வைட்டமின் டி மட்டும் என்றேன். அவருக்கு என்ன என்று கேட்டார். முதலில் டெஸ்ட் எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன் உங்கள் பையையும் கொண்டுவாருங்கள் என்றேன். சிரித்துவிட்டார். அவரிடமும் ஒரு பை இருந்தது.

பிறகு

மூன்றாவது வாரம் போன் வந்தது. மதமதப்பு குறையவில்லை, இன்னும் மோசம். ராத்திரி எரிச்சலில் தூக்கம் இல்லை. பயத்தில் இரண்டு நாள் நரம்பு மாத்திரையை மறுபடி போட்டுவிட்டார். தப்பு என் மேல். பி6 நிறுத்தியபின் சில வாரங்கள் பாதிப்பு ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்பது தெரிந்த விஷயம். பிரேக் போட்டாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட் சரியாகிவிட்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். எரிச்சலுக்கு வேறு மாத்திரை கொடுத்துப் பொறுக்கச் சொன்னேன்.

மூன்று மாதத்தில் மதமதப்பு கணுக்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கியது. வைட்டமின் டி நான்கு மாதத்தில் 31. மலச்சிக்கல், இரும்பு நின்றதும் போய்விட்டது. முடி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கேப்சூலை நிறுத்தியதால் கொட்டவில்லை. அதை மட்டும் அவர் மாதாமாதம் சீப்பை வைத்துச் சோதித்திருக்கிறார்.

எட்டாவது மாதம் வந்தபோது இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தேன். ஆறு விநாடி தெரிந்தது. குதிகாலில் தட்டினேன். வலது பாதம், விரல்களை மாட்டி இழுத்தபோது மட்டும், லேசாக அசைந்தது. இடது இன்னும் இல்லை. அது வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றேன்.

கிளம்பும்போது, மிச்சமிருந்த பாட்டில்களை என்ன செய்தீர்கள் என்று எதற்கோ கேட்டேன்.

"நரம்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன். முடிக் கேப்சூல் மட்டும் புதுசா பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. நாத்தனாருக்கு முடி கொட்டுதுன்னு கேட்டா, குடுத்துட்டேன்."

நாத்தனார் ரத்த டெஸ்ட் ஏதாவது எடுத்தாரா என்று கேட்டேன். அவர் கைப்பையைத் திறந்து போனைத் தேட ஆரம்பித்தார்.